முகமும் கரையும்

நம் சமுதாயத்து இல்லங்களில் தூரிகை பிடிக்க ஆசைப்படும் பிள்ளை இரு திசைகளிலிருந்து கண்டனத்துக்கு ஆளாகிறது. வீட்டுக்குள்ளிருந்து எழும் கண்டனம், "முகம் வரைவது ஆகாது, பூவும் கொடியும் வேண்டுமானால் போட்டுக்கொள்" என்கிறது. வெளியிலிருந்து எழும் கண்டனம், "உங்கள் மார்க்கம் முகத்தைத் தடுத்துவிட்டது, ஆகவேதான் உங்களவர்கள் பூவோடும் கொடியோடும் நின்றுவிட்டார்கள்" என்கிறது. முன்னது பேணுதலின் பெயரால் பேசுகிறது. பின்னது கலையின் பெயரால் பேசுகிறது. ஒன்றையொன்று பகைப்பனபோலத் தோன்றும் இவ்விரு குரல்களும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. கையால் வரையும் வரிக்கோலம் என்பது முகம் போனபின் எஞ்சிய மிச்சம் என்பதே அவ்விடம். இந்தக் கருத்தை மறுக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் இங்கே எடுத்துக்கொண்ட கலை இன்னதென்று முதலில் தெளிவுபடுத்திவிடுவோம். நீர்வண்ணத்தால் ஒரு மனித முகத்தை எழுதி, அதன் ஆடையிலும் பின்புலத்திலும் சுற்றுக்கரையிலும் பூ, கொடி, கட்டம், விண்மீன் ஆகிய வரிக்கோலங்களைக் கையாலேயே வரைந்து, இரண்டையும் ஒரே தாளில் இணைப்பது. இன்று இளைஞர் பலர், சிறப்பாக நம் பெண்மக்கள், இதில் நாட்டம் கொண்டிருக்கின்றனர். பெற்றோரோ, அதில் முகம் இருப்பதால் அஞ்சுகின்றனர். கோலம் இருப்பதால் அதைப் பொழுதுபோக்கென்று தள்ளுகின்றனர். அச்சம் ஒருபுறமிருக்கட்டும். கோலத்தைத் தள்ளுகிறார்களே, அதுதான் நம்மை எழுதத் தூண்டுகிறது.

நாம் வாழ்வது பெரிய காஞ்சிபுரத்தில். கரையை மிச்சம் என்று சொல்லும் வாய் இவ்வூரில் இருக்கலாகாது. கோர்வைச் சேலை எப்படி நெய்யப்படுகிறது என்பதை அறியாதார் இங்கு யார்? உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். தறியில் அமர்ந்த நெசவாளர் ஒருவரால் மட்டும் ஆகாமல் பக்கத்தில் ஓர் உதவியாளும் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளவேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளவேண்டும். அந்தப் பிணைப்புக்குத்தான் கோர்வை என்று பெயர். சேலை வாங்க வரும் மூதாட்டி முதலில் விரல் வைத்துப் பார்ப்பது எதை? உடலை அன்று, கரையையும் முந்தியையும் அன்றோ! கரை தனியே ஒட்டப்பட்ட துண்டாக இருந்தால் அச்சேலைக்கு மதிப்பேது?

அந்தக் கரையில் வரும் அன்னமும் மயிலும் மல்லிமொக்கும் கோபுரமும் தறிக்கு வருமுன் ஒருவர் கையால் கட்டத்தாளில் வரையப்பட்டவை. தாளின் ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் இடத்தைக் குறிக்கும். அந்தக் கட்டங்களைப் பார்த்தே ஜக்கார்டு அட்டையில் துளையிடுவர். துளையுள்ள இடத்தில் பாவிழை உயரும். ஒரு கட்டம் பிசகினால் சேலை நெடுகிலும் அப்பிசகு திரும்பத் திரும்ப வந்து நிற்கும். இத்தகைய கல்வியை, "பூப்போடுதல்" என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது அறிவுடைமையாகுமா?

இனி, மார்க்கத்தின் பக்கம் வருவோம். உருவம் வரைவோரைக் கண்டித்துக் கடுமையான ஹதீதுகள் உள்ளன. படைத்ததற்கு உயிர்கொடுக்கும்படி மறுமையில் பணிக்கப்படுவார்கள் என்னும் எச்சரிக்கையை நாம் மறைக்கவோ குறைக்கவோ முற்படவில்லை. ஃபிக்ஹு அறிஞர்களுள் பெரும்பாலோர், உயிருள்ளவற்றின் உருவத்தைக் கையால் எழுதுவதைத் தடுத்தே கூறியுள்ளனர் என்பதையும் ஒளிக்கவில்லை. ஆயினும் அதே ஹதீது ஏடுகளில் நம்மவர் கண்ணைத் தாண்டிப்போகும் இரண்டு செய்திகள் உள்ளன.

ஒன்று, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்த தொழிலாளியின் செய்தி. உருவம் வரைந்து பிழைக்கும் அம்மனிதர், தம் கைத்தொழிலே தமக்கு வாழ்வு என்று முறையிட்டார். எச்சரிக்கையைக் கேட்டு அவர் நடுநடுங்கியபோது, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அவருடைய தூரிகையைப் பிடுங்கி எறியவில்லை. மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு வழிகாட்டினார்கள். அவர் தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை, திசைதிருப்பினார்கள். நம் வீடுகளில் நடப்பதென்ன? தூரிகையே பிடுங்கப்படுகிறது.

மற்றொன்று, ஜைத் இப்னு காலித் (ரலி) அவர்கள் வீட்டுத் திரைச்சீலையின் செய்தி. உருவமுள்ள திரை அவர்கள் வாயிலில் தொங்குவதைக் கண்டு வந்தவர் வியந்தபோது, துணியிலுள்ள "ரக்ம்" விலக்களிக்கப்பட்டதை நீர் கேட்கவில்லையா என்று உடனிருந்தவர் நினைவூட்டினார். ரக்ம் என்னும் அரபுச் சொல் எழுத்தைக் குறிக்கும், அடையாளத்தைக் குறிக்கும், துணியில் இடும் வேலைப்பாட்டைக் குறிக்கும். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அதற்கு மரம்போன்ற உயிரற்றவற்றின் வேலைப்பாடு என்று பொருள் கொண்டார்கள். மதீனாவின் ஏழு ஃபுகஹாக்களுள் ஒருவரான காஸிம் இப்னு முஹம்மத் (ரஹ்) அவர்களோ, நிழல் விழாத உருவங்களுக்கும் அவ்விலக்கை விரித்தார்கள். நாம் ஃபத்வா வழங்க வரவில்லை. அது அதற்குரிய பெருமக்களின் பணி. நாம் சுட்டுவது ஒன்றே: இருசாராரும் கருத்து வேறுபட்ட போதும், துணியின் வரிக்கோலத்தை எவரும் இழிவென்று சொல்லவில்லை.

இன்னொன்றையும் கேட்டுவைப்போம். புகைப்படம் வந்தபோது நம் முன்னோர் தயங்கினர். எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷெய்கு முஹம்மத் பகீத் அல்முத்தீஈ (மறைவு 1935) அவர்கள், அது நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று கூறி அனுமதித்துத் தனி நூலே எழுதினார்கள். இன்று ஹஜ்ஜுக்குப் போகவும் கடவுச்சீட்டில் முகம் வேண்டும். நிக்காஹ் வீட்டில் எடுக்கும் படங்களுக்கு எண்ணிக்கையே இல்லை. கைப்பேசியில் ஆயிரம் முகங்களைச் சுமந்து திரியும் தந்தை, மகள் ஒரு தாளில் கவராயத்தால் வட்டம் போட்டதும் மார்க்கம் பேசுகிறார். பேணுதல் உடையவர் முகத்தை விட்டுவிடட்டும், அதை மதிக்கிறோம். ஆனால் "பூவும் கொடியும் போட்டுக்கொள்" என்று அனுமதித்தவர், அந்தப் பூவையும் கொடியையும் முறையாகக் கற்பிக்க ஒரு நாழிகையாவது ஒதுக்கினாரா? ஒரு கவராயமாவது வாங்கித் தந்தாரா? கற்பிக்காத அனுமதி வெறும் வாய்ச்சொல்லே.

வெளியிலிருந்து பேசுவோருக்கும் விடையிறுப்போம். முகம் எழுதத் தடை வந்ததால் வேறு வழியின்றிக் கோலத்தில் ஒதுங்கினோம் என்பது அவர்கள் வாதம். டமாஸ்கஸ் நகரின் உமையாப் பள்ளிவாசலை 706 முதல் 715 வரையில் கலீஃபா முதலாம் வலீது எழுப்பினார். அதன் சுவர்களில் பொன்னும் பச்சையுமாக மரங்களும் ஆறுகளும் மாளிகைகளும் பதிக்கப்பட்டன. ஒரு மனிதனும் இல்லை, ஒரு விலங்கும் இல்லை. அதே உமையா மரபினர், அதே நூற்றாண்டின் முற்பாதியில், ஜோர்தான் பாலைவனத்துக் குஸைர் அம்ராவில் எழுப்பிய நீராடு மாளிகையின் சுவர்களில் மனிதரும் விலங்கும் நிறைந்திருக்கின்றனர். முகம் எழுதத் தெரியாதவர்களா அவர்கள்? தெரிந்தவர்களே இறையில்லத்தில் அதனை வேண்டாமென்றனர். நீராடு மாளிகை ஓவியத்துக்கு நாம் மார்க்கச் சான்று தேடவில்லை. பள்ளிவாசலின் மரமும் ஆறும் இயலாமையால் வந்தவை அல்ல, தெரிந்து தேர்ந்தவை என்பதற்கே அதைக் காட்டுகிறோம். தேர்ந்தெடுத்த ஒன்றை எஞ்சியது என்று எப்படிச் சொல்வது?

முகமும் கோலமும் ஒரே தாளில் இணைந்து உச்சியைத் தொட்டது நம் நாட்டில்தான். முகலாய மன்னர் ஜஹாங்கீர் (ஆட்சி 1605–1627), ஷாஜஹான் (ஆட்சி 1628–1658) காலத்துப் படத்தொகுப்பு ஏடுகளைச் சொல்கிறோம். அவற்றுக்கு "முரக்கஃ" என்று பெயர். ஒட்டுத்துணிகளால் தைத்த அங்கியைக் குறிக்கும் சொல் அது. ஸூஃபியாக்கள் அணிந்த கிர்காவுக்கும் அதே பெயர் உண்டு. ஓவியம் ஒரு துண்டு, எழுத்தணி ஒரு துண்டு, கரை ஒரு துண்டு எனப் பலவற்றை ஒட்டி ஓர் ஏடாக்குவதால் அப்பெயர் வந்தது. அவ்வோவியர்கள் பயன்படுத்தியது நீர்வண்ணமே. வண்ணப்பொடியைப் பிசினில் குழைத்து, அணில் மயிர்த் தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, பளிங்குக் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த அட்டைக்கு "வஸ்லி" என்று பெயர். இணைத்தல் என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து வந்த சொல். முரக்கஃ ஒட்டு, வஸ்லி இணைப்பு, நம்மூர்க் கோர்வை பிணைப்பு. தொழிலாளர் மொழி எங்கும் இணைப்பையே பேசுகிறது; பிரித்து மேல்கீழ் வைப்பது தொழிலறியாதார் மொழி.

அந்த ஏடுகளின் கரைக்கு "ஹாஷியா" என்று பெயர். மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இச்சொல்லை விளக்கவேண்டியதில்லை. மூலநூலுக்கு மத்ன் என்றும், அதனைச் சுற்றி ஓரத்தில் எழுதப்படும் விரிவுரைக்கு ஹாஷியா என்றும் சொல்கிறோம். ஜலாலைன் தஃப்ஸீரை ஸாவியின் ஹாஷியா இல்லாமலும், ஷாஃபிஈ ஃபிக்ஹில் இப்னு காஸிமின் உரையைப் பாஜூரியின் ஹாஷியா இல்லாமலும் பாடம் நடத்தத் துணியும் உஸ்தாது உண்டா? ஓரத்தில் இருப்பதால் ஹாஷியா தாழ்ந்ததாகிவிடுவதில்லை. மத்ன் சுருங்கச் சொன்னதை ஹாஷியா திறந்து காட்டுகிறது. ஓவியத்தின் ஹாஷியாவும் அத்தொழிலையே செய்கிறது. நடுவிலுள்ள முகம் ஒரு நொடியில் பார்த்து முடிந்துவிடும். கரையின் கொடி கண்ணைப் பிடித்து ஏட்டைச் சுற்றி அழைத்துச்சென்று, மீண்டும் முகத்திடம் கொண்டுவந்து நிறுத்தும். அப்போது அம்முகம் முன்னைப்போல் இராது.

இவற்றுள் ஜஹாங்கீரின் குல்ஷன் முரக்கஃ இன்று தெஹ்ரானின் குலிஸ்தான் மாளிகை நூலகத்தில் இருக்கிறது. அதில் தௌலத் என்னும் ஓவியர், மன்னரின் ஆணைப்படி, தம்முடன் பணிபுரிந்த அபுல் ஹஸன், மனோகர், பிஷன்தாஸ், கோவர்தன் ஆகியோரின் முகங்களைத் தீட்டி, தம் முகத்தையும் சேர்த்தார். எங்கே தீட்டினார்? ஏட்டின் கரையில்! நடுவில் எழுத்தணி, ஓரத்துப் பொன்கொடிகளுக்கிடையே முகங்கள். முகமே மூலம், கோலமே ஓரம் என்று பாடம் சொல்பவர்கள் இந்த ஏட்டை எங்கே வைப்பார்கள்?

ஷாஜஹான் காலத்து ஏடுகளைக் கொண்ட மற்றொரு தொகுப்பு 1929-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் பழம்பொருள் கடை ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. அதன் 50 ஏடுகளில் 41 இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், 9 வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்திலும் உள்ளன. இளவரசர் தாரா ஷிகோஹ் தம் மனைவி நாதிரா பானு பேகத்துக்கு அன்பளிப்பாக வழங்கிய முரக்கஃ லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஒரு கணவர் தம் துணைவிக்கு முகங்களும் பூக்களும் பறவைகளும் நிறைந்த ஏட்டைத் தந்திருக்கிறார். நம் வீட்டுப் பெண் வரைவதைக் கண்டு முகம் சுளிப்போர் இதையும் எண்ணிப்பார்க்கட்டும். இவ்வளவு செல்வமும் பிறர் வீட்டில் சேர்ந்தது. நம்மிடத்தில் கற்றோர்கூட ஹாஷியா என்றால் கித்தாபின் ஓரத்தை மட்டுமே நினைக்கிறோம்.

இது அரண்மனையோடு முடிந்த கதையுமன்று. லாகூரின் அப்துர் ரஹ்மான் சுக்தாயி (மறைவு 1975) அவர்கள் நீர்வண்ணத்தைக் கழுவிக் கழுவிப் பூசும் முறையில் மெல்லிய முகங்களை எழுதினார்; அவற்றின் ஆடையிலும் சாளரத்திலும் தரைவிரிப்பிலும் நுண்ணிய கோலங்களை நிறைத்தார். மிர்ஸா காலிபின் கவிதைகளுக்கு அவர் தீட்டிய "முரக்கஏ சுக்தாயி" 1928-இல், அல்லாமா இக்பாலின் முன்னுரையுடன் வெளிவந்தது. அதே லாகூரின் தேசியக் கலைக் கல்லூரியில் பயின்ற ஷாஸியா சிக்கந்தர் என்னும் பெண்மணி, 1989–90-இல் வஸ்லித் தாளில் நீர்வண்ணத்தால் ஒரு நெடிய சுருளோவியம் தீட்டினார். ஒரு வீட்டுக்குள் ஓர் இளம்பெண் அறை அறையாக நடமாடும் காட்சி அது. பழைய சிற்றோவியம் செத்துப்போயிற்று என்றிருந்தவர்களை அச்சுருள் திரும்பிப் பார்க்கவைத்தது. கோலம் கற்ற கை எந்தக் காலத்தையும் எழுதும் என்பதற்கு இவை போதும்.

இன்றைய நிலை என்ன? ஒருவர் முகத்தைப் படமெடுத்துக் கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தொட்டால் அது நீர்வண்ணம்போல ஆகிவிடுகிறது. எவரோ வரைந்து வைத்த மண்டலக்கோலத்தை அதைச் சுற்றி ஒட்டி, சட்டமிட்டு, திருமணப் பரிசென்று தந்துவிடுகின்றனர். நெசவிலும் கட்டத்தாளின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. கருவியை நாம் பழிக்கவில்லை; ஜக்கார்டும் ஒருகாலத்தில் புதுக்கருவியே. நாம் பழிப்பது கோலத்தைக் கடையிலிருந்து வாங்கி முகத்தில் ஒட்டும் மனப்பான்மையை. கோலம் மிச்சமென்று நினைப்பவரே அதை யாரிடமிருந்தும் வாங்கலாம் என்று நினைப்பார். தம் தாயாரின் முகத்தை இரவல் முகத்தால் மாற்றிக்கொள்ள ஒருவர் இசைவாரா?

கையால் செய்வதன் நுட்பத்தையும் சொல்வோம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது பூசாமல் விட்ட தாளே. கன்னத்தின் ஒளிக்கு முன்கூட்டியே இடம் விடவேண்டும். ஒரு பூச்சு உலர்ந்தபின்பே அடுத்ததைப் பூசவேண்டும். ஈரத்தின்மேல் கோடிழுத்தால் கோடு கசிந்து பரவிவிடும். நீரின் இயல்பு பரவுவது. கோட்டின் இயல்பு நிற்பது. இவ்விரண்டையும் ஒரு தாளில் குடியமர்த்தப் பொறுமை வேண்டும். முகத்தில் உள்ள நிறங்களில் ஒன்றிரண்டையேனும் கரைக்கும் கொண்டுசெல்லவேண்டும். இல்லாவிடில் இரண்டும் அந்நியராய் நிற்கும். முகத்தை நெருங்க நெருங்கக் கோலம் நெருக்கம் தளரவேண்டும். இரண்டுக்குமிடையே முகலாய ஓவியர் "ஜத்வல்" என்னும் மெல்லிய கோடுகளை இழுத்தனர். கண் அங்கே சற்றே மூச்சுவிட்டுக் கடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோலம் அம்முகத்துக்கு உரியதாக இருக்கவேண்டும். பாட்டியாரின் முகத்தைச் சுற்றி அவர் நிக்காஹ் சேலையின் கரையே வரட்டும்; நெசவாளியின் முகத்தைச் சுற்றி அவர் நெய்த மயிற்கண் வரட்டும். அப்போது அக்கரை அலங்காரமாக மட்டும் நில்லாது; அம்மனிதரின் வாழ்வை எடுத்துரைக்கும் ஹாஷியாவாகும்.

பேணுதலால் முகத்தை விடும் இல்லத்தார்க்கும் இதில் இழப்பில்லை. நடுவிடத்தில் ஓர் எழுத்தணியோ, ஒரு மல்லிகைச் செடியோ, வாப்பாவின் கைத்தடியோ இருக்கலாம். கோலத்தின் கல்வி அப்படியே இருக்கிறது. கவராயத்தால் ஒரு வட்டம் வரைந்து, அதன் வாயை மாற்றாமல் விளிம்பிலேயே அளந்து சென்றால், ஆறாவது அடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அந்த ஆறு புள்ளிகளை இணைத்தால் அறுகோணம். ஒன்றுவிட்டு ஒன்றை இணைத்தால் விண்மீன். அதைக் கண்டு வியக்கும் பிள்ளைக்குக் கணிதமும் வருகிறது. படைப்பின் ஒழுங்கைக் கண்டு பணியும் உள்ளமும் வருகிறது. பெருநாளின் முந்திய இரவில் தங்கையின் உள்ளங்கையில் மருதாணிக் குழலால் கொடியிழுக்கும் அக்காளுக்கு இக்கல்வியில் பாதி ஏற்கெனவே கைவந்திருக்கிறது. கையில் இட்டால் மெச்சும் நாம், அதையே தாளில் இட்டால் ஏன் கடிகிறோம்? கையிலிட்டது சில நாளில் அழிந்துவிடும், தாளிலிட்டது நிலைத்துவிடும் என்பதாலா?

ஆகவே சமுதாயத்தாரிடம் மூன்றைக் கேட்கிறோம். மக்தபுகளிலும் மத்ரஸாக்களிலும் வாரத்தில் ஒரு மணி நேரம் வரிக்கோலமும் எழுத்தணியும் கற்பிக்கப்படவேண்டும். அதற்கு எந்த மத்ஹபும் தடையில்லை. கோலம் வரைபவர் தம் பெயரைத் தாளின் ஓரத்தில் எழுதும் வழக்கம் வரவேண்டும். முரக்கஃ ஏடுகளின் கரை வரைந்தோரில் பெரும்பாலோர் பெயரின்றியே போயினர். நம்மூரில் கட்டத்தாள் வரைந்தோர் பெயரும் சேலையில் இல்லை, கடையில் இல்லை, எங்குமே இல்லை. மூன்றாவதாக, முகம் எழுதலாமா கூடாதா என்னும் ஐயமுடையோர் தங்கள் உலமாப் பெருமக்களிடம் கேட்டுத் தெளியட்டும். ஆனால் விடை வரும்வரை பிள்ளையின் கையைக் கட்டிப்போட வேண்டாம். கரையிலிருந்து தொடங்கச் சொல்லட்டும்.

கரையிலிருந்து தொடங்குவது கீழிருந்து தொடங்குவதாகாது. இவ்வூர்த் தறிகளில் கோர்வையை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவரை எவரும் தேர்ந்த நெசவாளர் என்று ஒப்புவதில்லை. ஓவியத்துக்கும் அந்த அளவுகோலே பொருந்தும். வீட்டில் பிள்ளை தாளும் தூரிகையும் எடுத்து அமரும்போது, இனி நாம் கேட்கவேண்டிய கேள்வி "ஏன் வரைகிறாய்?" என்பதன்று, "கரையை நீயே வரைந்தாயா?" என்பதே.